பின்வாசலிலிருந்து கொட்டகை வரை

நியூஃபவுண்ட்லாந்தில் மண் என்பது
பாறை மறந்துவிட்டுப் போன சில்லறை.
மண்வெட்டி ஒரு சாண் இறங்கும்,
பிறகு ணங்கென்று பதில் வரும்.
அதனால்தான் பெட்டி கட்டுகிறோம்,
தரைக்கு மேலே ஒரு தரை.

லியாண்டர் கோஸ் அறுத்துக் கொடுத்த ஸ்ப்ரூஸ் பலகை.
பிசின் இன்னும் காயவில்லை.
ஆல்பர்ட்டாவின் சுரங்கத்தில் நான் ஓட்டும் லாரியின்
ஒரு டயர் இந்தச் சமையலறையைவிட உயரம்.
இங்கே மூன்று வார விடுப்பில்
ஒரு திருகாணி என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

"இடுப்பு உயரம் இருக்கட்டும்" என்றார் அப்பா.
"உன் இடுப்பா, என் இடுப்பா?"
"யாருக்கு எண்பத்து மூன்றோ அவருடையது."
ஓரத்தை வழவழவென்று தேய்க்கவும் சொன்னார்.
செடி என்ன கையா வைத்துப் பார்க்கப்போகிறது என்று
நான் தேய்க்கவில்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை.
தெற்கே நாளெல்லாம் வெயில்,
அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்தேன்.
விடிந்து பார்த்தால்
கோட்டை பூட்ஸ் காலால் அழித்திருந்தார்.
பின்வாசல் படியில் தொடங்கி
கடலோரக் கொட்டகையில் முடியும்படி
ஐந்து பெட்டி, ரயில்போல.
இரண்டுக்கும் நடுவில் ஓர் எட்டு இடைவெளி,
குச்சியால் அவரே அளந்தார்.
பாதி நாள் வீட்டு நிழல் விழும் இடம்.
"முட்டைக்கோசுக்கு வெயில் வேண்டாமா?"
"அது என்னிடம் கேட்கவில்லையே."

நாற்பது வருஷம் ஃபெர்ரியின் எஞ்சின் அறையில்
இருந்த காது அது.
வேண்டாத வாதம் அதில் விழாது.
கட்டினேன்.

களை ஏறாமல் அடியில் விரிக்க
அட்டைப்பெட்டிகளைக் கிழித்துக் கொண்டுவந்தார்.
பிரிட்ஜ் வந்தது, ஹீட்டர் வந்தது,
பிறகு ஒன்று, படம் மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து.
காற்றுக்கு ரகசியம் தெரியாது.
புரட்டிக் காட்டியது:
போன கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய
குளியலறை நாற்காலி.
திருப்பி அனுப்பிவிட்டேன், நான் என்ன நோயாளியா என்று
போனில் கத்தியது இதற்குத்தான்.

நான் அட்டையைப் பார்த்தேன்.
அவர் கடலைப் பார்த்தார்.
முதல் கூடைக் கடற்பாசியை
நானே கொட்டினேன், அவசரமாக,
படம் மறையும்வரை.

கேப்ளின் மீன் கரையேறிய இரவு
வாளிகளோடு ஊரே அலையில் நின்றது.
பாதி வாணலிக்கு, பாதி மண்ணுக்கு.
மூன்று நாள் நாற்றம்.
கோஸின் நாய் ஐந்து பெட்டியையும்
பக்தியோடு வலம் வந்தது.

டர்னிப் விதை கடுகுபோல இருக்கும்.
அவர் விரலிடுக்கில் நிற்கவில்லை.
ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தது,
மறுபடியும் விழுந்தது.
வாங்கிக்கொள்ளலாமா என்று நான் கை நீட்டும் முன்
உள்ளே போனார்,
மிளகுத்தூள் டப்பாவைக் காலிசெய்து எடுத்துவந்தார்.
விதையை அதில் போட்டுக் கவிழ்த்துப் பிடித்தார்.
"கைதான் தானாக ஆடுகிறதே,
அதற்கும் ஒரு வேலை."
அவ்வளவு சீராக
நான் எதையும் விதைத்ததில்லை.

கிளம்பும் நாள். பனிமூட்டம்,
கதவைப் பிடுங்கும் காற்று.
மாடி ஜன்னலில் பெட்டியின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தேன்.
கீழே பின்வாசல் திறந்தது.

கைத்தடி இல்லை.
முதல் பெட்டியின் ஓரத்தில் இடது கை.
பலகையோடு நடந்தார்.
முடிந்த இடத்தில் நின்று, காற்று ஒரு மூச்சு வாங்கியதும்,
ஓர் எட்டு.
இரண்டாவது பெட்டி.
மீண்டும் ஓர் எட்டு.
முட்டைக்கோஸ் நாற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஐந்தாவது ஓரம் தீர்ந்த இடத்தில்
கொட்டகையின் தாழ்ப்பாள்
கை நீட்டினால் எட்டியது.

அங்கே நின்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.
பல்லால் ஒரு சிலாம்பைப் பிடுங்கித் துப்பினார்.

வாசலில் டாக்ஸி ஹாரன் அடித்தது.
இரண்டாம் தடவையும் அடித்தது.
நான் படிக்கட்டுக்கு அடியில்
மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்,
உப்புத்தாளை.